பங்கஜத்தின் மூன்று சடை

பக்கத்து வீட்டுப் பங்கஜத்தின் தலையில் அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. தலை எரிகிறது என்று பங்கஜம் சொன்னது என்னிடம் மட்டும்தான்.

"அடியே அப்சரு, உங்க அண்ணன் கைக்கு ஊத்துவியே, அந்தத் தண்ணி கொஞ்சம் இருக்குமா?"

கொல்லை மதிலுக்கு மேலே முகத்தை மட்டும் நீட்டிக் கேட்டாள். தலையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. துணிக்குக் கீழே கழுத்தோரம் தோல் கன்றிச் சிவந்திருந்தது. சொறிந்த நகக் கோடுகள் தெரிந்தன.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைக்கு, தோலுக்கு என்று யாராவது எதையாவது கேட்டுவிட்டால் போதும், அடுப்பில் இருக்கிற சோற்றைக்கூட மறந்துவிடுவேன். குடியாத்தத்தில் எங்கள் தெருவும் நெசவாளர் தெருவும் முதுகோடு முதுகு ஒட்டியவை. எங்கள் கொல்லைக்கும் பங்கஜம் கொல்லைக்கும் நடுவில் ஒரு மதில், அதில் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சின்ன வாசல். என் அண்ணன் ஷபீ அஹமதுக்குப் பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் வேலை. சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை இழுத்துப் போட வேண்டும். வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும்போது இரண்டு கையும் வெடித்துக் கிடக்கும். சீமை சோப்பு பட்டாலும் அலறுவார், சீயக்காய் பட்டாலும் அலறுவார். அவருக்காக வேப்பிலையைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, சலித்த பச்சைப்பயறு மாவைக் கலந்து கழுவிவிட்டேன். அலறவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு. என்னுடைய தோலும் லேசுப்பட்டதில்லை, புதிதாக எது பட்டாலும் தடித்துவிடும். அதனால் எதைச் செய்தாலும் முதலில் என் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்ப்பேன். சிவந்தால் கொட்டிவிடுவேன்.

அண்ணன் மனைவி ஹலீமா பீக்கு இது பெரிய வேடிக்கை. "இவளுக்கு நிக்காஹ் வச்சா, மாப்பிள்ளைய முழங்கையில தடவிப் பாத்துட்டுதான் கபூல்னு சம்மதம் சொல்லுவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பாபி என்று நான் கூப்பிடுகிற அவருடைய வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும்.

பங்கஜம் நெமிலிப் பக்கத்துப் பெண். லுங்கி நெய்கிற வீட்டுக்கு மருமகளாக வந்தவள். மாமியார் தாயாரம்மாள், புருஷன் கிருஷ்ணராஜ். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பிழைப்பாளா என்றுகூட சந்தேகமாக இருந்தது. ஒருவழியாக எழுந்து உட்கார்ந்தபோது பின்னந்தலை முடி மூன்று கற்றையாகத் திரண்டு, தாம்புக்கயிறு மாதிரி கெட்டியாகி இருந்தது. அதைப் பார்த்த தாயாரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எங்கம்மா ரேணுகாம்பா வந்துட்டா!" என்று வாசலுக்கு ஓடினாராம்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லாம் தலைகீழ். நேற்று வரைக்கும் "ஏய் மூதேவி" என்று கூப்பிட்ட தாயாரம்மாள் மருமகளை "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். நூலுக்குக் கஞ்சி போடுகிற வேலையிலிருந்து பங்கஜத்துக்கு விடுதலை. செவ்வாய், வெள்ளியில் பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்து கஷ்டத்தைச் சொன்னார்கள்.

"அவங்க கிட்ட இன்னாடி சொல்லுவே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னாத்த சொல்றது? போ, எல்லாம் நல்லாயிடும்னு சொல்வேன். மீதிய அவங்களே சொல்லிக்கினு போறாங்க."

பாவம் கிருஷ்ணராஜ்தான் ரொம்பத் திண்டாடினார். பெண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவதென்றே அவருக்குத் தெரியவில்லை. "சாப்ட்டியா" என்று ஆரம்பித்து, "சாப்ட்டீங்களா" என்று மாற்றி, கடைசியில் "சாப்பாடு ஆச்சா" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, தறிக்குப் போய்விடுவார்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பங்கஜத்தைப் படவேட்டுக்கு அழைத்துப் போகப் போகிறார்கள். காட்பாடி வரைக்கும் ரயில், அங்கிருந்து வண்டி. ரேணுகாம்பாள் சன்னதியில் சடைக்கு மஞ்சள் துணி கட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். கட்டிவிட்டால் அந்தத் தலையில் ஆயுசுக்கும் சீப்போ கத்தரியோ படக்கூடாது.

"அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும் அப்சரு" என்றாள் பங்கஜம்.

"இன்னா தெரியணும்?"

மதிலுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குனிந்து சின்ன வாசல் வழியாக எங்கள் கொல்லைக்கே வந்துவிட்டாள்.

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி நாளு தெருவுல பாவு கட்டி கஞ்சி போட்டாங்க இல்ல? நான்தான் கஞ்சிப் பானைய தூக்கினு போனேன். தலை சுத்திச்சு. பானை சாஞ்சிடுச்சு. பின்னால எல்லாம் கஞ்சி."

நெய்வதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி நீவிக் காயவைப்பார்கள். நூல் விறைத்து நிற்பதற்காக. அந்தக் கஞ்சி காய்ந்தால் நகத்தால் சுரண்டினாலும் வராது.

"தலைக்கு ஊத்திக்கலியா?"

"ஊத்திக்கறதுக்குள்ளதான் காய்ச்சல் வந்து வுழுந்துட்டேனே. எழுந்து பாத்தா அத்தை கற்பூரம் ஏத்தினு நிக்கிறாங்க. அப்ப போய் கஞ்சின்னு எப்படிடி சொல்றது?"

நான் அவள் பின்னால் போய்த் துணியை எட்டிப் பார்த்தேன்.

"அப்ப இது கஞ்சிதான்."

"கஞ்சின்னா ஏன் மூணா பிரிஞ்சு ஒழுங்கா திரண்டுச்சு? ஏன் செவ்வாக்கெழம வந்தா உள்ள ஒரு மாதிரி கனமா இருக்குது?"

"அப்ப அம்மன்தானா?"

"அம்மன்னா ஏன் எரியுது?"

எனக்கு அவர்கள் சாமியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயத்தில் பயம் ஜாஸ்தி. ஆனால் கஞ்சியைப் பற்றித் தெரியும். ஊறினால் கரையும்.

"வுடு. நான் பாத்துக்கறேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பாபிக்குத் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "பேஜார் புடிச்ச வேலை! அவங்க சாமி, அவங்க தலை. நடுவுல நீ போய் இன்னாத்துக்குக் கைய வைக்கற?" அந்த வாரம் வந்திருந்த அண்ணன் வேறு பக்கத்திலிருந்து, "டேனரியில ஆவாரம்பட்டை மூட்டை மூட்டையா கீது. ஒண்ணு அனுப்பவா? தலைய செருப்பு மாதிரி பதம் பண்ணிடலாம்" என்று சிரித்தார். நான் அதற்குள் செம்பருத்தி இலை பறிக்கப் போய்விட்டேன்.

தாயாரம்மாளின் உத்தரவில்லாமல் அந்தத் தலையைத் தொட முடியாது. அதனால் மறுநாள் காலையில் செம்பருத்தி இலையையும் ஊறவைத்த வெந்தயத்தையும் அரைத்து எடுத்துக்கொண்டு, சின்ன வாசலில் போய் நின்றேன். காய்ச்சல் கண்ட உடம்புக்குக் குளிர்ச்சி என்று மட்டும் சொன்னேன், புண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

தாயாரம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். கெட்டவர் இல்லை. ஆனால் எதிலும் முறை தவறக்கூடாது அவருக்கு.

"நான் யாரு பாய் வூட்டு பொண்ணே உத்தரவு குடுக்க? அம்மாவைத்தான் கேக்கணும்."

மணையில் உட்கார்ந்திருந்த பங்கஜத்துக்கு எதிரில் போய்க் கைகூப்பி நின்றார்.

"அம்மா, தாயே. இந்தப் பொண்ணு உனக்குத் தலைக்கு ஊத்தலாமா? உத்தரவு சொல்லு."

பங்கஜம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஊத்தட்டும் அத்தை" என்றாள்.

தாயாரம்மாளின் கை கூப்பியபடியே நின்றது. நெற்றி மட்டும் சுருங்கியது.

"அத்தைன்னா? அப்ப இது அம்மா சொல்றதா, நீ சொல்றியா?"

"யாரு சொன்னா ஊத்தலாம்?"

"அம்மா சொன்னா ஊத்தலாம்."

"அப்ப அம்மா சொல்றா."

"அம்மா சொல்றான்னு நீ சொல்றியா, இல்ல அம்மாவே சொல்றாளா?"

உள்ளே தறிச் சத்தம் நின்றுவிட்டது. கிருஷ்ணராஜ் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் போல. பங்கஜம் கண்ணை மூடிக்கொண்டாள். குரலைக் கொஞ்சம் கனமாக்கி, "ஊத்து" என்றாள். அப்புறம் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "வெதுவெதுன்னு இருக்கட்டும், சூடு வேணாம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

தாயாரம்மாள் உடனே வெந்நீர் வைக்கப் போனார்.

அன்றைக்கு அந்த வெந்நீரை வாங்கிக்கொண்டு, எங்கள் கொல்லையில் கல்லின் மேல் அவளை உட்காரவைத்து, துணியை அவிழ்த்தேன். மூன்று சடை. இடது பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வலது பக்கம் ஒன்று. தொட்டதும் என் கை தானாகப் பின்னால் வந்தது. முடி மாதிரி இல்லை, மரவேர் மாதிரி இருந்தது. சடைக்கு நடுவே மண்டைத் தோல் புழுங்கிப்போய், இங்கேயும் அங்கேயும் பொருக்குத் தட்டியிருந்தது. நான் மனதுக்குள் எனக்குத் தெரிந்த துஆ ஒன்றைச் சொல்லி வேண்டிக்கொண்டு, அரைத்த விழுதைத் தடவ ஆரம்பித்தேன்.

வழவழவென்று நல்ல விழுது. சிக்கெடுப்பதற்கு அதைவிட வேறு கிடையாது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடது பக்கச் சடை மெல்ல உப்பியது. வெந்நீர் ஊற்றினேன். வெள்ளையாகத் தண்ணீர் வழிந்தது. பழைய கஞ்சியின் புளித்த வாடை மூக்கில் ஏறியது.

"பங்கஜம்! கரையுதுடி! கஞ்சிதான்!" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே, விரலை விட்டுப் பிரிக்க ஆரம்பித்தேன். நுனியிலிருந்து முடி முடியாகப் பிரிந்து வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நிறுத்துடி."

"இன்னா?"

"நிறுத்துன்னு சொல்றேன் இல்ல?"

பிரிந்த முடியை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

"நீதானே கேட்டே?"

"எரிச்சல் போவணும்னு கேட்டேன். இது இன்னான்னு தெரியணும்னு கேட்டேன். எடுத்துடுன்னு எப்பக் கேட்டேன்?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லைதான்.

"தெரிஞ்சிடுச்சு இல்ல? கஞ்சி. அப்புறம் இன்னா?"

"மத்த ரெண்டும்?"

மற்ற இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். அதே விழுது, அதே வெந்நீர். உப்பவில்லை, கரையவில்லை. விழுதை எல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டு அப்படியே கெட்டியாக இருந்தன. வாடையும் இல்லை.

"இது ரெண்டும் ஏன் வுடல?" என்று பங்கஜம் கேட்டாள்.

கஞ்சி அந்தப் பக்கம் படாமல் இருந்திருக்கலாம். படுக்கையில் புரண்டு புரண்டு தானாகத் திரண்டிருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். நான் என்ன கண்டேன்?

இடது பக்கம் பிரிந்த முடியைச் சுருட்டி, துணிக்குள் செருகி மறைத்துக் கட்டிக்கொண்டாள். தாயாரம்மாள் பார்த்தபோது தலை கட்டியபடிதான் இருந்தது.

அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. பருப்பில் இரண்டு தடவை உப்பைப் போட்டேன். பாபி ஒரு வாய் எடுத்துவிட்டு, "இதைக் கொண்டு போய் உங்க அம்மன் தலையில ஊத்து, சடை உடனே அவுந்துக்கும்" என்றார்.

அடுத்த நாள் பங்கஜம் மதிலில் முகத்தைக் காட்டினாள். எரிச்சல் இன்னும் அதிகமாகியிருந்தது. சடையிலிருந்து ஊறிப்போன வெந்தய வாடை வந்தது.

"உன் மருந்துல நல்லா தீய வச்சிட்டே" என்றாள்.

நான் அவளைக் கொல்லை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கெட்டியாக இருந்த சடை ஒன்றை அழுத்திப் பார்த்தேன். என்னுடைய விழுது பிசுபிசுவென்று வெளியே வந்தது. இன்னும் அழுத்தினால் அதற்கு முன்னால் தாயாரம்மாள் பூசின மஞ்சள், அதற்கும் முன்னால் போட்ட சீயக்காய்த் தூள், எல்லாம் குழைந்து வந்தது. சாதாரண முடியில் இதெல்லாம் அலசினால் போய்விடும். சடைக்குள் போனது வெளியே வர வழியில்லை. உள்ளேயே நனைந்து, காயாமல், புளித்துக்கொண்டிருந்தது. அவள் தலையை எரித்துக்கொண்டிருந்தது சடை இல்லை. அதற்குள் நாங்கள் ஒவ்வொருவரும் கொண்டுபோய் அடைத்ததுதான்.

"ஓஹோ!" என்று நான் கத்தியதில் மதில்மேல் இருந்த காக்கை பறந்தது.

"இன்னாடி?"

"நான் தப்பா செஞ்சேன். இதுக்கு விழுதே ஆவாது. மாவும் ஆவாது. தண்ணி மாதிரி இருக்கணும். உள்ள போவணும், வந்துடணும்."

"வந்துடணும்னா, சடைய அவுக்காம?"

"அவுக்காம. வழவழப்பு இருந்தாத்தானே அவுறும்?"

பங்கஜத்தின் முகத்தில் வந்தது சந்தோஷமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேப்பிலையை மட்டும் கொதிக்கவைத்து ஆறவிட்டேன். பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கி ஊறவைத்துப் பிசைந்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்சமாகச் சேர்த்தேன். நுரை கம்மியாகத்தான் இருக்க வேண்டும், ஜாஸ்தியானால் தோல் இழுக்கும். கிருஷ்ணராஜ் தறியில் அறுத்துப் போட்ட லுங்கித் துண்டு ஒன்றைப் பங்கஜம் கொண்டு வந்தாள். அதில் வடிகட்டி, மறுபடி வடிகட்டி, அடியில் ஒரு துகள் நிற்காத வரைக்கும் வடிகட்டினேன். என் முழங்கையில் தடவிவிட்டு வீட்டு வேலையெல்லாம் முடித்து வந்து பார்த்தேன். சிவக்கவில்லை. அவள் கழுத்தோரம் தடவிப் பார்த்தேன். எரியவில்லை என்றாள்.

சடையை மேலே தூக்கிப் பிடித்து, தண்ணீரைத் தோலில் படும்படி கோடு கோடாக ஊற்றினேன். நகம் படாமல் விரல் நுனியால் ஒற்றினேன். பிறகு வெறும் தண்ணீர், நிறைய. துணி பிழிகிற மாதிரி சடையைக் கீழ்நோக்கிப் பிழிந்தேன். முதலில் மஞ்சளாக வந்தது, பிறகு பழுப்பாக, பிறகு தெளிந்து வந்தது. முக்கியமானது அதற்கப்புறம்தான். நன்றாகக் காய்கிற வரைக்கும் துணி கட்டக்கூடாது என்று சொல்லி, அவளை எங்கள் மாடிக்கே அழைத்துப்போய் வெயிலில் உட்காரவைத்தேன். அவள் வீட்டில் காயவைத்தால் இடது பக்கம் பிரிந்திருப்பது தெரிந்துவிடுமே.

ஒருநாள் விட்டு ஒருநாள் அப்படியே கழுவியதில், அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் பொருக்கு உதிர்ந்துவிட்டது. கழுத்தோரம் தோல் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் குதிக்காத குறை.

ஆனால் பங்கஜம் சந்தோஷமாக இல்லை.

"எரியறப்ப இது எப்படியாவது போனா போதும்னு இருந்துச்சு. இப்ப எரியல. இப்ப நான் இன்னா நினைக்கறது?"

"உனக்கு இன்னா வேணும், அத சொல்லு."

"சடை போய்ட்டா மறுபடி மூதேவி. கஞ்சிப் பானை. மஞ்சள் கட்டிட்டா, நாளைக்கே எனக்கு வேணாம்னு தோணிச்சுன்னா கூட வாயத் திறக்க முடியாது. நீயே சொல்லு, எது தேவல?"

எனக்குச் சொல்லத் தெரிந்தால்தானே.

அந்த நேரத்தில்தான் தாயாரம்மாள் சின்ன வாசலில் குனிந்து எங்கள் கொல்லைக்கு வந்தார். மறுநாள் பயணத்துக்காகச் சடைக்கு மஞ்சள் பூச மருமகளைத் தேடி வந்திருக்கிறார். அன்றைக்கு மாடிக்குப் போகாமல், கொல்லை வெயிலிலேயே தலையில் துணி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள் பங்கஜம். இடது தோளின் மேல் சாதாரண முடி, மற்ற பெண்களின் முடி மாதிரியே, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

தாயாரம்மாளின் கையிலிருந்த மஞ்சள் கிண்ணம் சாய்ந்தது.

"அடிப்பாவிங்களா, இன்னா பண்ணீங்க!"

நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பங்கஜம் முந்திக்கொண்டாள். கஞ்சிப் பானை சாய்ந்ததை, காய்ச்சலில் தலை அலசாததை, சொல்லப் பயந்ததை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

தாயாரம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கஞ்சி கொட்டிச்சு. சரி. தினம்தான் கஞ்சி போடறோம். யார் தலையிலயாவது கொட்டிச்சா? உன் தலையில கொட்ட வச்சது யாரு?" என்றார்.

பங்கஜம் திகைத்துப் போனாள். கஞ்சி என்று தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தோம். அந்த அம்மாள் கஞ்சியையும் சேர்த்து அம்மனிடம் கொடுத்துவிட்டார்.

"அப்ப கொட்ட வச்சவளே இந்தப் பக்கத்த கரைய வச்சிட்டாளே அத்தை, அது எதுக்கு?"

தாயாரம்மாள் மெதுவாக அவள் பின்னால் வந்து, பிரிந்த முடியை ஒதுக்கி, கழுத்தோரத் தோலைத் தொட்டார். புண் ஆறின இடத்தில் வெளிறிய தடங்கள் இருந்தன.

"இது இன்னா?"

"புண்ணு. ஆறிடுச்சு."

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அம்மனுக்கு எரியுமான்னு கேப்பீங்கன்னு."

தாயாரம்மாள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். பாபிகூட சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு வந்து நின்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எங்கள் வீட்டில் அதிசயம்.

"நாளைக்கு இன்னா பண்றது?" என்று கடைசியில் தாயாரம்மாள் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. கை கூப்பவும் இல்லை, அதட்டவும் இல்லை.

பங்கஜம் எழுந்து நின்றாள். கண்ணை மூடவில்லை.

"நாளைக்குப் போவ வேணாம். மஞ்சள் கட்ட வேணாம். இந்த ரெண்டும் இருக்கற வரைக்கும் இருக்கட்டும். தானா அவுந்தா அவுறட்டும், நானும் புடிச்சு வச்சுக்கல. செவ்வாய், வெள்ளியில வர்றவங்க வரட்டும். கஞ்சிப் பானைய மட்டும் நான் தூக்க மாட்டேன்."

"இது அம்மா சொல்றதா, நீ சொல்றியா?"

கேட்கும்போது தாயாரம்மாளின் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும் என்கிற மாதிரி. பங்கஜம் நிஜமாகவே யோசித்தாள். யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்கும் தெரியல அத்தை. ஆனா சொல்றது இதான்."

"தெருவுக்கு நான் இன்னான்னு சொல்வேன்? எல்லாரும் கிளம்பி நிக்கறாங்க."

"அம்மா இன்னும் யோசிச்சினு இருக்கான்னு சொல்லுங்க."

வாசலில் பாபியின் கரண்டி கீழே விழுந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். தாயாரம்மாள் மருமகளையே பார்த்தார். பிறகு சாய்ந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "யோசிக்கட்டும், யோசிக்கட்டும்" என்று தனக்குத் தானே சொன்னபடி, குனிந்து சின்ன வாசல் வழியாகப் போனார். அடுத்த தெரு வரைக்கும் அந்தச் செய்தி அன்றைக்கே போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம். அம்மன் யோசிக்கிறாள் என்றால் ஏதோ பெரிய காரியம் இருக்கும் என்று அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னும் ஜாஸ்தி பேர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள்.

அந்த வாரம் பங்கஜம் தலை கழுவ வந்தபோது எனக்குப் புதிதாக ஒரு சிக்கல். இடது பக்கம் சாதாரண முடி. காய்ச்சலுக்கப்புறம் வறண்டு போயிருந்தது, அதற்கு வழவழப்பு வேண்டும். வலது பக்கமும் நடுவிலும் சடை, அதற்கு வழவழப்பு ஆகவே ஆகாது. ஒரே தலைக்கு இரண்டு விதம். ஒரு சொம்பில் செம்பருத்தித் தண்ணீர், இன்னொரு சொம்பில் வேப்பிலையும் பூந்திக்கொட்டையும். இரண்டும் பித்தளைச் சொம்பு. இரண்டிலும் தண்ணீர் பச்சை.

"எது எந்தப் பக்கம்டி?" என்று கேட்டாள் கண்ணை மூடிக்கொண்டு.

"இரு, இரு. அவசரப்படுத்தாத" என்று சொல்லிவிட்டு, இரண்டு சொம்பிலும் விரலை விட்டு எது வழுக்குகிறது என்று மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.